ஆற்றங்கரையில் முகாமிட இடம் தேர்தல்: ஆலங்காயம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குடும்பத்தோடு போய் ஆற்றங்கரையில் ஒரு பகலும், முடிந்தால் ஓர் இரவும் தங்க இடம் பார்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக் களம் ஆலங்காயமும், அங்கிருந்து ஒரு வாடகை வேனின் டீசல் கட்டுப்படியாகிற தூரமும். நிழல், வண்டி, அடுப்பு, மறைவு, நீர் என்ற ஐந்து அளவுகோல்கள் கொள்ளப்பட்டன. இவற்றுள் நீர் ஐந்தாவதாக இருப்பது அச்சுப்பிழை அன்று. ஐந்து வகை இடங்களை ஒப்பிட்டதில், இவ்வட்டாரத்தின் தலைசிறந்த ஆற்றங்கரை எந்த ஆற்றின் கரையிலும் இல்லை என்பதும், அது ஒரு தென்னந்தோப்பில் ஏழரை எச்.பி. மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியவந்தன.

1. ஆய்வின் தேவை

1962 இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பில்லிங்ஸ் நகரத்தில், எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் டேவ் டிரம் என்பவர் ஒரு முகாம் மைதானம் திறந்தார். சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போகிறவர்கள் வழியில் இரவு தங்க இடம் தேடி அலைவதைப் பார்த்து வந்த யோசனை அது. ஓர் இரவுக்கு 1.75 டாலர். வெந்நீர்க் குளியல், கழிப்பறை, சின்னதாக ஒரு கடை. கே.ஓ.ஏ. என்ற பெயரில் வட அமெரிக்கா எங்கும் பரவிய முகாம் நிறுவனத்தின் பிறப்பு அதுதான். வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்து ஓட்டி வருகிறவர்கள் இத்தகைய இடங்களில் மூன்று இணைப்புகளை விசாரிப்பார்கள்: மின்சாரம், குடிநீர், கழிவுநீர். பிறகு, ஆற்றுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நமக்கு முதல் கேள்வியே அதுதான். பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அம்மாநிலத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. கடந்து கடலில் கலக்கிறது. அது ஓடுகிற காட்சியைக் காண, மழை நன்றாகப் பெய்த ஆண்டில் சில வாரம் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் அது மணலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் போகிறது. ஆலங்காயமோ பாலாற்றங்கரை ஊரும் அல்ல. வாணியம்பாடியிலிருந்து காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் மலையேறுகிற சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூர். அதற்குச் சொந்தமானவை மலையிலிருந்து இறங்கும் கானாறுகள். மழை பெய்த மறுநாள் ஆறாகவும், அடுத்த வாரம் வண்டிப்பாதையாகவும் இவை பணிபுரிகின்றன.

ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆற்றங்கரைக்குப் போகும் ஆசை மட்டும் வற்றவில்லை. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், ரம்ஜானுக்கு மறுநாள், ஷூ கம்பெனிக்கு லீவு கிடைக்கிற ஞாயிறு என்று ஆண்டு முழுவதும் அண்டாக்கள் வண்டியேறிக்கொண்டேதான் இருக்கின்றன. தண்ணீர் இருக்கிற நாட்டில் இடம் பார்க்கச் சொல்லித்தர நூல்கள் உண்டு. தண்ணீர் இல்லாத ஆற்றின் கரையில் இடம் பார்க்க நூல் இல்லை. அந்தக் குறையை இக்கட்டுரை போக்குகிறது.

2. முன்னோர் ஆய்வுகள்

தமிழில் ஆற்றங்கரை முகாம் பற்றிய தலையாய கள அறிக்கை நப்பூதனார் செய்த முல்லைப்பாட்டு. 103 அடிகள் கொண்ட இப்பாட்டில் காட்டாற்றை ஒட்டி ஒரு பாசறை அமைகிறது. புதரை வெட்டுகிறார்கள், முள்வேலி கட்டுகிறார்கள், தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக எழுகின்றன. நேரம் பார்க்க நாழிகை வட்டில் இருக்கிறது, காவலுக்கு யவனர் இருக்கிறார்கள். இவ்வளவு வசதி இருந்தும் இரண்டு குறைகளைப் புலவர் மறைக்காமல் பதிவு செய்கிறார். ஒன்று, யானை சாப்பிட மறுக்கிறது. பாகர்கள் அதற்குப் புரிகிற வடமொழியில் கெஞ்சி ஊட்டுகிறார்கள். இரண்டு, அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. வெளியிடத்தில் சோறு இறங்காத குழந்தையையும், இடம் மாறினால் கண் மூடாத பெரியவரையும் வைத்துக்கொண்டு முகாம் போட்ட எவரும் இவ்வறிக்கையின் நம்பகத்தன்மையை ஐயுற மாட்டார்.

அடுத்தது சிலப்பதிகாரம். புகார்க் கடற்கரையில் புன்னை நிழலில், புது மணலில், ஓவியத் திரைகளைச் சுற்றிலும் கட்டிக் கோவலனும் மாதவியும் அமர்கிறார்கள். இடத்தேர்வில் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை: நிழல் உண்டு, மறைவு உண்டு, நீர் உண்டு. கெட்டது நிகழ்ச்சி நிரலில். யாழை எடுத்து அவன் ஒரு பாட்டுப் பாட, அவள் பதிலுக்கு ஒன்று பாட, பாட்டின் பொருளை இருவரும் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொள்ள, முகாம் கலையுமுன் குடும்பம் கலைந்தது. குடும்ப முகாம்களில் பாட்டுக்குப் பாட்டு விளையாடுவதை இக்கட்டுரையாளர் கடுமையாக எதிர்ப்பதற்கு ஆதாரம் இதுவே.

உள்ளூர்ச் சான்றுக்கு வந்தால், 1767 நவம்பரில் ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். டிசம்பரில் கர்னல் ஸ்மித்தின் படை வருகிறதென்றதும் வாணியம்பாடிக்கு நகர்ந்தார். அங்கேயும் தங்க முடியாமல் மேற்கே போய்விட்டார். வரலாற்றாசிரியர்கள் இதற்குப் படைபலம், வியூகம் என்று காரணங்கள் காட்டுவர். இன்னார் வருகிறார் என்று தெரிந்ததும் விரித்த பாயைச் சுருட்டி அடுத்த தோப்புக்கு நகர்வது காணும் பொங்கலன்று இன்றும் நடப்பதே என்பதை மட்டும் இங்கே சுட்டி அமைகிறோம்.

நான்காவது முன்னோடி, இடத்தேர்வு என்பதை அறிவியலாகச் செய்து காட்டியவர்: வைணு பாப்பு. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த அவர், தொலைநோக்கி வைக்க இடம் தேடி ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலையில், சந்தன மரங்கள் நிறைந்த காட்டில் காவலூரைக் கண்டெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் அங்கிருந்து தென் வானமும் நன்றாகத் தெரியும். ராத்திரி நல்ல இருட்டாக இருக்கும். 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துத் தொடங்கினார்கள். 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986 இல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒரு முறையியல். எதற்காகப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற இடத்தைத் தேடினார் பாப்பு. நம்மவர்கள் இடத்துக்குப் போய் இறங்கிய பிறகு, எதற்காக வந்தோம் என்று விவாதிக்கிறார்கள்.

3. அளவுகோல்கள்

3.1 நிழல். இவ்வட்டாரத்து நிழல்களைத் தரவாரியாகப் பிரிக்கலாம். முதல் தரம் புங்கை: அடர்த்தியானது, குளிர்ந்தது, பூ உதிர்ந்தால் பாய் தேவையில்லை. இரண்டாம் தரம் புளி: பகலில் குறையொன்றுமில்லை, பொழுது சாய்ந்ததும் பாட்டிமார் பேய் காரணம் காட்டி எழுப்பிவிடுவார்கள். தென்னை மூன்றாம் தரம்: அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட வேண்டும். பனை நான்காம் தரம்: குடும்பம் ஒரே வரிசையாகத்தான் உட்கார முடியும், சூரியன் நகர நகர வரிசையும் நகர வேண்டும். கடைசித் தரம் வேலிகாத்தான். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது நிழல்; கிட்டே போனால் முள். பாலாற்றுப் படுகையில் தாராளமாகக் கிடைப்பது இந்தக் கடைசித் தரம்தான்.

3.2 வண்டி. சக்கர வீடுகளை ஓட்டிச் செல்லும் சுற்றுலாவைக் கேரளம் 2021 இல் அரசுத் திட்டமாகவே அறிவித்தது. நம் பக்கத்தில் கேரவன் என்பது ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அதன் கதவு நமக்குத் திறப்பதில்லை. நமக்கு வாய்த்தவை மூன்று: டெம்போ டிராவலர், மகிந்திரா வேன், குட்டியானை. குட்டியானையில் பெரியவர்கள் முன்னாலும், பாத்திரமும் பிள்ளைகளும் பின்னாலும் வருவது வழக்கம். சட்டம் இதை ஏற்பதில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பதை ஆய்வு நெறி கருதி இங்கே பதிவு செய்கிறோம்.

வண்டி பற்றிய தலையாய கண்டுபிடிப்பு அண்டா விதி. வண்டி நிற்கும் இடத்துக்கும் முகாமுக்கும் உள்ள தூரம், அண்டாவைத் தூக்குகிறவரின் உறவுமுறையைப் பொறுத்தது. தூக்குகிறவர் மச்சான் என்றால் ஆற்றின் அந்தக் கரை வரைக்கும்கூடப் போகலாம். புது மாப்பிள்ளை என்றால் வண்டிக்குப் பக்கத்திலேயே முகாம். டிரைவரைத் தூக்கச் சொல்வது என்றால், முதலில் அவருக்குச் சாப்பாடு உண்டு என்பதை உறுதி செய்ய வேண்டும்.

3.3 அடுப்பு. ஆம்பூரும் வாணியம்பாடியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது முகாமில் பிரியாணியைத் தவிர வேறொன்று சமைப்பதாகக் கருதுகோள் வைக்க முடியாது. சீரகச் சம்பா, விறகு அடுப்பு, மூடிமேல் கரி போட்டுத் தம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், தயிரில் போட்ட வெங்காயம். தம் போடுகிற நேரத்தில் காற்று அடித்தால் ஒரு பக்கம் தீய்ந்து ஒரு பக்கம் வேகாமல் போகும். ஆகவே அடுப்புக்கு முதுகு காட்ட ஒரு மேடோ சுவரோ வேண்டும். திறந்த ஆற்றுப் படுகையில் இரண்டும் இல்லை. அடுப்பை எந்தத் திசையில் வைத்தாலும் புகை பெரியப்பா உட்கார்ந்திருக்கும் திசைக்கே போகும் என்பது தனி ஆய்வுக்குரியது.

3.4 மறைவு. கோவலன் கட்டிய திரை நீங்கலாக, இந்த அளவுகோல் முந்தைய ஆய்வுகள் எதிலும் இல்லை. காரணம், இடம் தேர்வு செய்யும் குழுவில் பெண்கள் இல்லை. குழு என்பது வண்டியின் முன்சீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு மறைவிடம் ஒரு பிரச்சினையாகத் தோன்றியதில்லை. உலகமே அவர்களுக்கு மறைவிடம். பின்சீட்டில் நிலைமை வேறு. முகாமுக்குப் போகிறோம் என்று முதல் நாள் இரவு தெரிந்ததுமே வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் மாலை வீடு திரும்பி, தாழ்ப்பாள் போட்ட பிறகே செம்பு நிறையக் குடிக்கிறார்கள். ஆற்றங்கரையில் கழித்த நாள் அவர்களுக்கு ஆண்டிலேயே தாகமான நாள். அமெரிக்க முகாமில் கழிவுநீர் இணைப்பு இருக்கிறதா என்று வந்ததும் விசாரிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

3.5 நீர். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வண்டியிலேயே வந்துவிடுகிறது. எனவே ஆற்று நீரின் கடமை மூன்று மட்டும்: பிள்ளைகள் குதிக்க, பாத்திரம் கழுவ, பார்த்துக்கொண்டிருக்க. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பாலாற்றையும் கரைக் கிணறுகளையும் தோல் பதனிடும் கழிவு கெடுத்த வரலாறு நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கை வேண்டும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் பாலாற்றைக் கடக்காமல் தேர்வு எழுத முடியாது. ஆற்றில் இறங்காமலே அதைக் கடக்கலாம் என்பது அவர்களுக்கும் நமக்கும் பொது.

இங்கே ஓர் ஒப்பீடு. ஆம்பூரில் தைக்கிற ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. தெளிந்த ஆறுகளின் கரையில், பச்சைப் புல்லில் நடந்து, தங்க நல்ல இடம் தேடுகிற யாரோ ஒருவரின் காலில் நம்மூர்த் தோல் இருக்கக் கூடும். அந்தத் தோலைக் கழுவிய தண்ணீர் இங்கேயே தங்கிவிட்டது.

4. முடிவெடுக்கும் முறை: ஒரு மாதிரி உரையாடல்

அளவுகோல்கள் களத்தில் எப்படிச் செயல்படுகின்றன என்பதைக் காட்ட, வேனுக்குள் நிகழக்கூடிய பேச்சின் மாதிரி ஒன்று கீழே தரப்படுகிறது.

“இங்கியே நிறுத்துப்பா, நல்லாத்தான் கீது.”

“நெழலே இல்லியே பெரிப்பா.”

“முன்னாடி போனா பாலம் கீது. பாலத்துக்கு அடியில நெழல் இருக்கும்.”

“மணல்ல எறக்குனா ஏறாதுண்ணா. அப்பறம் டிராக்டர்தான் கூப்புடணும்.” இது டிரைவர்.

“போன தபா எங்க ஒக்காந்தோம்?”

“போன தபாவும் இதத்தான் பேசினு இருந்தோம்.”

“எங்கனா ஒக்காருங்க. பக்கத்துல ஒரு வீடு வாசல் இருந்தா போதும்.” இது பின்சீட்டிலிருந்து அத்தை.

இவ்வுரையாடலில் நிழல், வண்டி, மறைவு ஆகிய மூன்றும் பேசப்பட்டன. நீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மறைவைப் பற்றிப் பேசியவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

5. களங்கள்: ஓர் ஒப்பீடு

5.1 பாலாற்று மணல். ஆற்றுக்குள்ளேயே உட்காரலாம் என்பது இதன் சிறப்பு. எல்லோஸ்டோன் கரையில் இந்த வசதி கிடையாது. ஆனால் மணல் எடுத்த பள்ளங்கள் படுகை முழுக்கக் கிடக்கின்றன. வறண்ட காலத்தில் அவை வண்டிக்கு ஆபத்து. நீர் வந்துவிட்டால் மேலே சமமாகத் தெரியும், அடியில் எங்கே ஆழம் என்று தெரியாது, பிள்ளைகளுக்கு ஆபத்து. நிழல் வேலிகாத்தான். மறைவும் அதுவே. மதிப்பீடு: கிரிக்கெட்டுக்கு ஏற்றது.

5.2 புல்லூர்த் தடுப்பணை. வாணியம்பாடிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையில், கனகநாச்சியம்மன் கோயிலை ஒட்டி இருக்கிறது. 2016 இல் இதன் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக ஆந்திரம் கூட்டியது. 1892 இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு எதிர்த்தது. மழைக்காலத்தில் அணை நிரம்பி வழிந்தால், எதிர்த்தவர்களே குளிக்கவும் போகிறார்கள். பாலாறு பாலாறாகத் தெரிகிற அரிய இடம். குறை என்னவென்றால், அதைப் பார்க்க எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மதிப்பீடு: நீர் உண்டு, உட்கார இடம் இல்லை.

5.3 ஜலகாம்பாறை. ஏலகிரி மலையிலிருந்து இறங்கும் ஆட்டாறு திருப்பத்தூர்ப் பக்கம் அருவியாக விழுகிற இடம். முருகன் கோயில் இருப்பதால் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தண்ணீர் இருக்கும். கோடையில் பாறை இருக்கும். குரங்குகள் எல்லாக் காலத்திலும் இருக்கும். மதிப்பீடு: குளிக்கலாம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

5.4 மலைமேல். காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் பீமன் அருவியும் கோமுட்டேரியும் உண்டு. காற்று குளிர்ச்சி. சாமையும் தேனும் பலாவும் அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும். கூடாரம் என்ற சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் பொருந்துகிற இடம் இதுதான். அனுமதியுள்ள விடுதிக்காரர்களின் தோட்டத்தில் போட்டுக்கொண்டு படுக்கலாம். படுத்தபின் மேலே பார்த்தால், பாப்பு ஏன் இந்த மலையைப் பிடித்தார் என்பது புரியும். ஆனால் அந்த இருட்டைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. சிறுநீர் கழிக்கப் போக ஒவ்வொருவருக்கும் இருவர் துணை வேண்டும். கொண்டைஊசி வளைவுகளில் அண்டா உருளும். மதிப்பீடு: இளைஞருக்கு உயர்ந்தது, கூட்டுக் குடும்பத்துக்கு உயரமானது.

5.5 பம்புசெட். நிம்மியம்பட்டிலிருந்து ஆலங்காயம் வரை சாலையின் இரு பக்கமும் தோப்புகள் இருக்கின்றன. தோப்புக்கு ஒரு கிணறோ போரோ, அதற்கு ஒரு மோட்டார் கொட்டகை, கொட்டகைக்கு முன் சிமென்ட் தொட்டி. தொட்டியில் நீர் கொட்டும். பிள்ளைகள் குதிக்கலாம், மூழ்கும் ஆழம் இல்லை. வாய்க்காலில் ஓடும் நீரில் பாத்திரம் கழுவலாம். நிழல் உண்டு. வண்டி தொட்டி வரை வரும். அடுப்புக்குக் கொட்டகைச் சுவர் காற்றுத் தடுப்பு. தோப்புக்காரர் தூரத்து உறவில் மாமாவாக இருப்பார், இல்லாவிட்டால் பேச்சு வாக்கில் ஆகிவிடுவார். அவர் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் கழிப்பறை இருக்கிறது. ஐந்து அளவுகோல்களிலும் தேறிய ஒரே இடம் இதுதான்.

இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் குறித்த நேரத்தில்தான் வரும். ஆகவே இந்த ஆறு மின்வாரியத்தின் கால அட்டவணைப்படி ஓடுகிறது. எப்போது வெள்ளம் வரும், எப்போது வற்றும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கிற ஆறு உலகில் வேறெங்கும் உண்டா என்பதை நீரியல் அறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.

6. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: இது ஆற்றங்கரை ஆகாது, கிணற்றடிதான். விடை: மலையடிவாரத்துக் கிணற்றில் ஊறுவது கானாறுகள் விட்டுச்சென்ற நீர். பாலாற்றோரத்துக் கிணற்றில் ஊறுவது மணலுக்கு அடியில் போகிற பாலாறு. மேலே ஓட முடியாத ஆறு குழாய் வழியாக ஏறி வந்து தொட்டியில் விழுகிறது. எனவே தொட்டியின் ஓரம் இலக்கணப்படி ஆற்றங்கரையே. இந்த விடையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால், கரை நெடுக எத்தனை தோப்பு, எத்தனை மோட்டார், எத்தனை கம்பெனி, எத்தனை ஊர்க் குடிநீர்த் திட்டம் என்று எண்ண வேண்டி வரும். ஆந்திரத்தின் அணையைச் சொல்கிறோம், கர்நாடகத்தின் ஏரிகளைச் சொல்கிறோம், மழையைச் சொல்கிறோம். ஸ்விட்சைப் போட்டு ஆற்றை மேலே வரவழைத்துவிட்டு, ஆறு ஏன் தானாக வருவதில்லை என்று பாலத்தில் நின்று கேட்கிற நம்மை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

மறுப்பு இரண்டு: காட்டுக்குள் கானாற்றோரம் ஒரு நல்ல இடம் பார்த்துக் கூடாரம் அடித்தால் என்ன? விடை: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தங்குவது எங்கே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 இல் வனத்துறை குறிப்பிட்ட பாதைகளை மட்டும் முன்பதிவுடன் திறந்துவிட்டது. ஜவ்வாது மலையில் மாசி, பங்குனியில் புல் காய்ந்து நிற்கும். அடுப்பு மூட்டும் ஆசையுள்ள குடும்பத்துக்கு அந்த இடம் ஆகாது. இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

மறுப்பு மூன்று: தண்ணீரே இல்லாத ஆற்றில் எங்கே உட்கார்ந்தால் என்ன? விடை: 1903 நவம்பரில் வாணியம்பாடிக்காரர்கள் உறங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் பாலாறு வந்தது. ஏராளமானோர் மாண்டார்கள், ஊரில் அதற்கு நினைவுத் தூண் நிற்கிறது. 2021 நவம்பரிலும் வந்தது. பாலாற்றில் இவ்வளவு பெரிய வெள்ளத்தை ஒரு தலைமுறை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. செல்போனோடு கரைக்கு ஓடியது. வறண்ட ஆற்றுக்குக் கரை எது என்பதை நாம் தீர்மானிக்கிறோம்: வரப்பு போட்டு, கொட்டகை போட்டு, பட்டா வாங்கி. நூறாண்டுக்கு ஒருமுறை ஆறு நேரில் வந்து அளந்து பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முகாம் போடுகிறவர், அந்த அளவைக்கு வெளியே போட வேண்டும்.

7. பரிந்துரைகள்

முதலாவது: ஆற்றங்கரை முகாம் என்று அழைப்பிதழில் போடுகிறவர்கள், ஆறு மேலே ஓடுவதா, அடியில் ஓடுவதா, மின்வாரியம் ஓட்டுவதா என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

இரண்டாவது: காவலூர்ப் பக்கம் இரவு தங்குகிறவர்கள் குழல் விளக்கும் ஸ்பீக்கரும் கொண்டுபோகக் கூடாது. வெகு தூரத்திலிருந்து கிளம்பிப் பல ஆண்டுகள் பயணம் செய்து வருகிற ஒளியைப் பிடிக்க அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி ஒரு மைலில் நம் சீரியல் பல்பு குறுக்கே நிற்கலாகாது.

மூன்றாவது: கரையில் எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பதற்கும் கணக்கு வேண்டும். டேனரிக் கழிவை வழக்குப் போட்டுக் கேட்ட வட்டாரம் இது. பாக்கு மட்டைத் தட்டு மக்கிப்போகும். பிளாஸ்டிக் கப்பும் அலுமினியத் தாளும் அடுத்த காணும் பொங்கலுக்கு நம்மை வரவேற்கும். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கைக்குப் பிரியாணி சாப்பிட்டவர்கள் விலக்கல்ல.

நான்காவது: பம்புசெட் முகாமில் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரு பொறுப்பாளர் தேவை. இலவசமாக ஏறி வருவது மின்சாரம், தண்ணீர் அல்ல.

ஐந்தாவதும் முக்கியமானதும்: இடத்தேர்வுக் குழு முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மாற்றப்பட வேண்டும். அத்தை தலைவர், பெரியப்பா உறுப்பினர், டிரைவர் தொழில்நுட்ப ஆலோசகர். குழு கூடியதும் தலைவர் ஒரு சொம்பு தண்ணீரை நிதானமாகக் குடித்துவிட்டு, பிறகு இடம் எது என்று அறிவிப்பார். அவர் குடிக்கத் துணிகிற இடமே முகாமுக்கு ஏற்ற இடம். மற்ற அளவுகோல்களை வண்டி கிளம்பிய பிறகு பேசிக்கொள்ளலாம்.